தூசி இருந்த இடத்தில் சாரல்

இந்தப் பூமியில் காதை வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அத்தனை பேரையும் ஒரு தட்டிலும் தென்காசி குழல்வாய்மொழியை மறு தட்டிலும் வைத்தால், அவர்கள் தட்டு ஆகாயத்துக்குப் போய்விடும். ஐந்தருவியில் தண்ணீர் பொங்கி விழும்போது, நடுக் கிளைக்கு அடியில் நிற்கிற ஒருவன் வாய்க்குள் முனகும் பாட்டில் சுருதி இறங்கினால், இங்கே அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும் குழல்வாய்மொழி முகத்தைச் சுளிப்பாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லாரியிலிருந்து இறக்கும் பெட்டிகளில் எந்தப் பெட்டியின் அடித் தக்காளி நசுங்கியது என்று வீட்டில் இருந்தபடியே சொல்லுவாள். எறும்பு தும்மினால், "மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள்.

கொஞ்சம் கூடச் சொல்லியாகிவிட்டதுதான். ஆனால் ரொம்பக் கூட இல்லை.

கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் அவள் வீடு. மாடியில் ஓர் அறை. சுவர் முழுவதும் பழைய மெத்தைகளை நிறுத்தி ஆணி அடித்திருக்கும். கொடை விழாவுக்கு அம்மன் பாட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழாப் பாட்டு, கல்யாண வீட்டுக்கு நலுங்குப் பாட்டு, ஜவுளிக்கடைக்கு வேனில் கட்டுகிற விளம்பரம், எல்லாம் அந்த அறையில்தான் உருவாகும். பாடுகிறவர் குரல் தனியாக, தபேலா தனியாக, ஜால்ரா தனியாகப் பதிந்ததை ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று நிறுத்துப் பாட்டாக்கித் தருவது அவள் தொழில். மிக்ஸிங் என்று சொல்வார்கள். அவள் வீட்டுக்காரர் நாறும்பூநாதன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். "எங்க வீட்டுல ரெண்டு மிக்ஸி இருக்கு, ஒண்ணு மாடியில" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரிப்பார்.

குற்றாலத்தில் கல்லூரிப் படிப்பு, சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் சில வருட வேலை, கல்யாணம், பிறகு ஊர். தென்காசியில் ஒரு பொம்பளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக்கு விலை சொல்லுவதா என்று முதலில் சிலர் யோசித்தார்கள். பாட்டைக் கேட்ட பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய அக்காள் மகன் ஒருவன் உண்டு. சுப்பு என்று பெயர், வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை அதன் போக்கிலேயே விட்டுவிட்டு வந்தவன். கேபிள் சுற்றுவது, முடிந்த பாட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பி வைப்பது, சத்தம் பதிவாகிறது என்று ஃபேனை அணைத்துவிட்டுப் பாட வந்தவர்களை வேக வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ஒருநாள் சுவர்க் கடிகாரம் ஒன்றை மெத்தைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தான். பாடிக்கொண்டிருந்த ஓதுவாரைக் கையமர்த்திவிட்டுக் குழல்வாய்மொழி சொன்னாள்: "ஏலே, அந்தக் கடிகாரத்த எடுத்து வெளியில வை. அதுக்கும் இவுக தாளத்துக்கும் ஒத்து வரலை." அவனுடைய மற்ற சேட்டைகளை எழுதினால் இங்கே இடம் போதாது. இதை எழுதுகிறவனும் அவனே என்பதால், அந்தப் பேச்சை இத்தோடு விடுவது எல்லோருக்கும் நல்லது.

அப்படிப்பட்ட காதை விட்டு முதலில் போனது கொசு. அதற்காக யார் வருத்தப்படுவார்கள்? கடித்த பிறகுதான் தெரிந்தது, வந்த சத்தமே கேட்கவில்லை என்று. பிறகு பால் பொங்கும் முன்னால் வருகிற அந்தச் சின்னச் சீறல் போனது. புதுச் சேலையின் சரசரப்பு போனது. சின்னப் பிள்ளைகள் பேசினால் வார்த்தைக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரிந்தது. ஆனி மாதம் பழைய குற்றாலத்தில் குளிக்கப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. தண்ணீர் தலையில் அறைகிறது, சுற்றிப் பெண்கள் கூச்சல் போடுகிறார்கள், அருவியின் மேல்பாதிச் சத்தத்தை மட்டும் யாரோ அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தூறலும் தெறிப்பும் இல்லை. தூரத்து ரோட்டில் பாரவண்டி போகிற மாதிரி ஓர் உறுமல்தான் மிச்சம்.

யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தாள். அவர் ஓர் அறைக்குள் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்து, ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு மலைச்சரிவு மாதிரி சட்டென்று கீழே இறங்கியது.

"திரும்ப வராதா டாக்டர்?"

"போனது வராதும்மா. இருக்குறதக் காப்பாத்திக்கலாம். ஹெட்போன நிப்பாட்டுங்க. மெஷின் வச்சா பேச்சு நல்லாக் கேக்கும்."

"பேச்சு இப்பவும் கேக்குது டாக்டர். பாட்டு?"

டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெஷினையும் காதில் வைத்துப் பார்த்தாள். எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு ஜால்ரா கூடவா குறையவா என்று நிறுக்க முடியாது. கழற்றிக் கொடுத்துவிட்டு மாத்திரையோடு பஸ் ஏறினாள். ஆலங்குளம் தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: தன் காதில் இல்லாததைத் தானே செய்துகொள்வது.

அவளுக்கு அது புதிய வேலையும் அல்ல. ஒலியில் வேண்டாததைப் பிடித்து நிறுத்தும் சல்லடைக்கு ஃபில்டர் என்று பெயர். மிக்ஸிங் செய்கிற மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்படி அதைச் செய்தால் ப்ளகின். பல வருடத்துக்கு முன் இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சும்மா கொடுத்திருந்த ஒரு டெம்ப்ளேட்டை எடுத்திருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் சட்டம் அது. வருகிற ஒலியை அப்படியே வெளியே விடும். பெயரை மாற்றி, நடுவில் நம்முடைய கணக்கை எழுதினால் அது நம்முடைய ஃபில்டர். அப்படி அவள் முதலில் செய்ததற்குத் 'தூசி' என்று பெயர் வைத்தாள். பாட்டின் மேல் படிந்திருக்கும் இரைச்சலைத் துடைக்கும். அன்றிலிருந்து அவள் கையால் வெளியே போன எல்லாப் பாட்டிலும் தூசி உட்கார்ந்திருந்தது. புதுப் பாட்டு என்று வந்தாலும் பழைய பாட்டு ஒன்றின் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த குரல்களைத் துடைத்துவிட்டு, தூசியை மட்டும் அப்படியே விட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். காய்ச்சின பால் பாத்திரத்தைக் கழுவாமல் அடுத்த பாலை ஊற்றுகிற மாதிரி இருக்கிறதே என்று நாறும்பூநாதன் ஒருமுறை கேட்டார். அவருக்கு அதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டாள்.

இப்போது தூசியையே டெம்ப்ளேட்டாக எடுத்துக்கொண்டாள். கோப்புறையை நகல் எடுத்துப் பெயரை மாற்றினாள். திரையில் தெரிகிற சின்னச் சன்னலுக்குப் பச்சை வண்ணம் கொடுத்தாள். நடுவே இருந்த கணக்கை அழித்துவிட்டு, டாக்டர் காட்டிய கோடு எங்கெங்கே எவ்வளவு இறங்கியதோ, அங்கங்கே அவ்வளவு ஏற்றிக் கொடுக்கும்படி எழுதினாள். பள்ளத்துக்கு மேடு. வேலை செய்யும்போது அவள் கேட்பதற்கு மட்டும் அது வேண்டும், பாட்டு வெளியே போகும்போது எடுத்துவிட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு கோலம் போடலாம், கண்ணாடியைக் கழற்றிக் கோலத்தின் மேல் ஒட்டக் கூடாது. அதற்குச் 'சாரல்' என்று பெயர் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பாவூர்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டி நமசிவாயம் அண்ணாச்சி வந்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம், குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில். பேத்தி ஸ்ரீரஞ்சனி தாத்தா ஆச்சியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி அதை மண்டபத்தில் போட வேண்டும். கூடவே முன்னே செய்துகொடுத்த நலுங்குப் பாட்டு, வரவேற்புப் பாட்டு எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை எடுத்துத் தர வேண்டும்.

"யம்மா கொழலு, எம் பேத்தி கொரலு மண்டபத்துல கடைசி வரிசையில சாப்பாட்டுக்கு நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

"கேக்கும் அண்ணாச்சி."

அந்த வாரம் சுப்பு ராயகிரியில் பெரியப்பா வயலில் உளுந்து அறுவடைக்குப் போயிருந்தான். அறுவடை என்பது அவன் அம்மா வைத்த பெயர். தண்டனை என்பதுதான் சரி. அதனால் மாடியறையில் குழல்வாய்மொழி தனியாக இருந்தாள். சாரலைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். முடிந்ததும் சாரலை ஒழுங்காக எடுத்துவிட்டு, முடிந்த பாட்டை ஒட்டு இல்லாமல், உதவி இல்லாமல், வெறும் காதால் கேட்டாள்.

கேட்டது.

ஸ்ரீரஞ்சனி 'சிரிச்ச முகம்' என்று பாடினால் அந்தச் 'சி' பல்லில் பட்டுத் தெறிப்பது கேட்டது. ஜால்ராவின் கடைசி நடுக்கம் வரைக்கும் கேட்டது. பழைய நலுங்குப் பாட்டைப் போட்டாள். அதில் வளையல் குலுங்குகிறது. அந்த வளையல் அங்கே இருந்ததையே அவள் மறந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். சத்து மாத்திரைதான். ஆனால் அந்த டாக்டருக்கு என்ன தெரியும், அவர் சின்ன வயசுக்காரர்.

கீழே இறங்கிப் போனாள். நாறும்பூநாதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்குக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"எல்லாம்."

அவர் ஒன்றும் புரியாமல் "நல்லதுதான்" என்றார். கொஞ்ச நாளாகவே அவர் பேச்சு அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அன்றைக்கும் அவளுக்குக் கேட்கவில்லை. மாடியில் வேலை செய்த களைப்பு என்று எடுத்துக்கொண்டாள். கொசு இன்னும் வாயைத் திறக்கவில்லை. நகராட்சியில் மருந்து அடித்திருப்பார்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்கு நாறும்பூநாதனோடு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். பெரியப்பா வீட்டில் இருந்து தப்பி சுப்புவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். வெளியே சாரல் மழை, மண்டபத்தின் தகரக் கூரை நனைந்துகொண்டிருந்தது. மாலை மாற்றி முடிந்து நாதஸ்வரக்காரர்கள் காப்பிக்கு இறங்கினார்கள். கடையநல்லூர் ஹுஸைஃபா மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் போட்டிருந்தார். பலவருடப் பழக்கம், அவளைப் பார்த்து 'வாங்கக்கா' என்று தலையாட்டிவிட்டுப் பேத்தி பாட்டைப் போட்டார்.

குழல்வாய்மொழி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அவள் செய்த பாட்டு. குரல் எழும்பியது. ஒவ்வொரு எழுத்தும் துலக்கி வைத்த பித்தளை மாதிரி. பின்னாலேயே ஜால்ரா, கொலுசு. காணாமல் போயிருந்தவர்கள் எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திரும்பினாள்.

நாறும்பூநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் முந்தானையால் குழந்தையின் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைப் பிளந்து அழுதது. பின் வரிசைகளில் இளவட்டங்கள் எல்லாம் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தார்கள். சுப்பு கையில் இருந்த பாதி வடையைக் காதில் வைத்திருந்தான். மேடையில் ஸ்ரீரஞ்சனி தன் குரலைக் கேட்டு முகம் கோணி நின்றாள்.

ஹுஸைஃபா அவசரமாகக் கையை நீட்டி எதையோ திருகினார். அடுத்த நொடி குழல்வாய்மொழிக்கு எல்லாம் போய்விட்டது. கொலுசு போனது, 'சி' போனது. உறுமல்தான் மிச்சம். மண்டபம் முழுவதும் கைகளைக் காதிலிருந்து இறக்கியது.

அவள் எழுந்து நேராக அவரிடம் போனாள்.

"ஏன் கொறச்சிய? நல்லாத்தான இருந்துச்சு."

"அக்கா," என்றார் ஹுஸைஃபா, "காது கிழிஞ்சிரும்க்கா."

"எனக்கு நல்லாக் கேட்டுதே."

ஸ்பீக்கர் தொழில்காரர். கொட்டு, வெடி, ஜெனரேட்டர் என்று சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவர். தன் வாப்பா எப்படிச் செவிடானார் என்று பார்த்தவர். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, "உக்காருங்கக்கா" என்றார் மெதுவாக. அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது.

நமசிவாயம் அண்ணாச்சி மாலையும் கழுத்துமாக மேடையில் இருந்து குனிந்து கேட்டார்: "என்ன கொழலு, பாட்டு போடச் சொன்னா சாணை புடிக்கிறவன அனுப்பி வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சிரித்து விட்டுவிடலாம் என்றுதான் சொன்னார்.

சாப்பிடாமலே கிளம்பினார்கள். இலஞ்சி விலக்கு வந்ததும் நாறும்பூநாதன் காரை ஓரமாக நிறுத்தினார். அவள் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நான் உள்ளேருந்து கூப்பிடுவேன், நீ திரும்ப மாட்டே. அதெல்லாம்…"

"கேக்கலை."

"நான் கோவம்னுல்லா நெனச்சேன்."

"எதுக்குக் கோவம்?"

"அதத்தான் ஒரு வருசமா யோசிச்சிட்டு இருக்கேன். ஒங்க அண்ணன் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வராம இருந்தேனே, அதுக்கா, இல்ல அந்தப் பச்சைச் சேலைய நல்லா இல்லன்னு சொன்னதுக்கான்னு. சரி, நம்மளும் கொஞ்சம் கம்மியாப் பேசுவோம்னு இருந்துட்டேன்."

"பச்சைச் சேலைக்கு உண்மையிலேயே கோவந்தான்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வண்டியை எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேலையைக் கூட மாற்றாமல் மாடிக்குப் போய்ப் பேத்தி பாட்டின் கோப்பைத் திறந்தாள். தூசி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அதன் சன்னலைத் திறந்தாள். பச்சை வண்ணம். மேலே 'சாரல்' என்று பெயர். நலுங்குப் பாட்டைத் திறந்தாள், அங்கேயும் சாரல். வரவேற்புப் பாட்டிலும் சாரல். அவள் வருடக்கணக்கில் செய்த எல்லாப் பாட்டிலும் தூசியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சாரல் உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு ப்ளகினுக்கும் உள்ளே நாலெழுத்தில் ஒரு குறி உண்டு. மென்பொருள் பெயரைப் பார்ப்பதில்லை, அந்தக் குறியைத்தான் பார்க்கும். டெம்ப்ளேட்டை நகல் எடுத்தால் முதலில் மாற்ற வேண்டியது அது. அவள் பெயரை மாற்றினாள், வண்ணத்தை மாற்றினாள், கணக்கை மாற்றினாள். குறியை மாற்றவில்லை. தூசி எங்கே என்று மென்பொருள் தேடியபோது, 'நான்தான் தூசி' என்று சாரல் கையைத் தூக்கிவிட்டது.

"அடுத்தவன் ரேஷன் கார்டுல அரிசி வாங்குன மாதிரில்லா இருக்கு," என்றான் பின்னாலேயே வந்து நின்ற சுப்பு.

அவள் திரும்பவில்லை. அவன் சுற்றி வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று அதையே திரும்பச் சொன்னான். அதற்குள் அது நகைச்சுவையாக இல்லை.

"ஆமாலே," என்றாள்.

குறியை மாற்றுவது ஒரு வரி வேலை. மாற்றினாள். தூசி தன் இடத்துக்குப் போனது, சாரல் தன் இடத்துக்கு வந்தது. நமசிவாயம் அண்ணாச்சிக்குப் பாட்டைச் சரிசெய்து அனுப்பினாள். "விடும்மா, விசேசம்தான் முடிஞ்சிருச்சே" என்று சொன்னார். பிறகு அவர் மண்டி விளம்பரத்தைத் திருநெல்வேலியில் செய்துகொண்டார். செய்தி தென்காசிக்குள் நடந்தே போனது. இரண்டு கொடைக்காரர்கள் முன்பு சொல்லி வைத்திருந்ததை மறந்துபோனார்கள்.

ஒருநாள் சுப்புவை எதிரே உட்கார வைத்தாள்.

"சாரல் இப்ப சரியா இருக்கு. அத வச்சுக்கிட்டு என்னால பாட்டு செய்ய முடியுதா இல்லையான்னு பாக்கணும். வர்ற வேலையெல்லாம் செஞ்சு பாப்பேன். சரியா வந்தா இந்த நாற்காலியில இருப்பேன். வரலைன்னா சாமானை வித்துட்டுக் கீழ போயிருவேன். ஒங்காதுதான் சாட்சி. உள்ளதச் சொல்லணும்."

"நான் எப்ப சித்தி பொய் சொல்லிருக்கேன்?"

"பொய் சொல்லாத நாளாப் பாத்துச் சொல்லு."

முதலில் வந்தது திருவேங்கடம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு. முழுப் பொழுதும் உட்கார்ந்து செய்தாள். சாரலைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். முடித்துவிட்டு ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜால்ரா ஊசியாக இறங்கியது. பிள்ளைகளின் 'ச'வெல்லாம் குக்கர் மாதிரி சீறியது. சாரல் என்னதான் தூக்கிக் கொடுத்தாலும், ஓர் உயரத்துக்கு மேலே அதை வாங்கிக்கொள்ள அவளிடம் காதே இல்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மேலும் மேலும் ஏற்றியிருந்தாள். சுப்புவுக்குப் பல் கூசியது. அவள் கண் அவன் கண்ணிலேயே நின்றது.

"சூப்பரா இருக்கு சித்தி," என்றான்.

"உள்ளதச் சொல்லு."

"உள்ளதத்தான் சொல்லுதேன். பழையபடி இருக்கு."

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சமைக்கக் கீழே போனாள். சுப்பு அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு எண்ணும் தெரியாது, கணக்கும் தெரியாது. பல் கூசுவது நிற்கிறவரை குறைப்பது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே இயற்பியல். குறைத்தான், கேட்டான், குறைத்தான். பிறகு அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். அவள் செய்ததை அவள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் இருந்து நன்றி வந்தது. அடுத்து சுடலைமணி என்று ஒருவர் குலசாமிப் பாட்டுக்கு வந்தார். அதுவும் அப்படியே போனது. அடுத்து ஒரு பாத்திரக்கடை விளம்பரம். எல்லோருக்கும் பிடித்தது. மறந்துபோன கொடைக்காரர்களில் ஒருவருக்கு ஞாபகம் திரும்பியது. குழல்வாய்மொழி கேசரி கிண்டினாள். நாறும்பூநாதன் இப்போதெல்லாம் உள்ளே இருந்து கூப்பிடுவதில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு நடந்து வந்து, அவளுக்கு எதிரே நின்று, வங்கியில் நடந்ததை எல்லாம் சொன்னார். அவருடைய மிக்ஸி நகைச்சுவைகூடத் திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் அப்படி ஒரு வெளிச்சம் வந்திருந்ததால், சுப்பு அதைக் கெடுக்க மனம் இல்லாமல் நாள் தள்ளினான். ஆனால் குழல்வாய்மொழி அத்தனை வருடம் அந்தத் தொழிலில் இருந்தவள். ஜால்ராவைக் கூட்டு, எம் மகன் குரலைத் தூக்கு, மாமா பேரை இன்னொரு தடவை சொல்லு என்று மூன்று முறையாவது திருத்தம் கேட்காத வாடிக்கையாளர் தென்காசி வட்டாரத்தில் அதுவரை பிறக்கவில்லை. காது நன்றாக இருந்த காலத்திலேயே அவள் வேலையில் குறை சொன்னவர்கள், இப்போது ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேசரி ஆறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும்.

பாத்திமுத்து டீச்சர் தன் டியூஷன் சென்டருக்கு ஒரு சின்னப் பாட்டுக் கேட்டிருந்தார். அதை முடித்துக் கொடுத்த மறுநாள் மத்தியானம், சுப்பு சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தபோது குழல்வாய்மொழி கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து டீச்சர் பாட்டு அனுப்புனியே, முழுசாக் கேட்டுட்டா அனுப்புனே?"

"முழுசாக் கேட்டேன் சித்தி."

"நான் செஞ்சு வச்சதத்தானே?"

"வேற எத?"

"அதுல குறுக்க ஏதாவது சத்தம் வந்துதா? சன்னமா, விசில் மாதிரி?"

முந்தின நாள் அந்த விசில் அவன் மண்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. முதல் அடியில் இருந்து கடைசி அடி வரை. இதைக்கூடக் கேட்க முடியாமல் போய்விட்டாளே என்று அவன் அரை மணி நேரம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு தேடிப் பிடித்து அதை மட்டும் அழித்து அனுப்பினான். இப்போது அவள் முகத்தைப் பார்த்தான். பயந்துபோய்க் கேட்கிறாள் என்று தோன்றியது.

"இல்லயே சித்தி," என்றான். "எனக்கு ஒண்ணுமே கேக்கலை. சுத்தமா இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். ஒலியைப் படமாக விரித்துக் காட்டுகிற சன்னலைத் திறந்தாள். கீழே குரலும் தாளமும் கரும்புகை மாதிரி பரவியிருந்தன. அதற்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு மஞ்சள் கோடு இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"இது நான் செஞ்சு வச்சது. இந்தக் கோடுதான் விசில். நானே போட்டேன். எனக்குக் கேக்காது. கண்ணுக்குத் தெரியுது."

அதற்குக் கீழே இன்னொரு படத்தைத் திறந்தாள். அதே புகை. மேலே ஒன்றும் இல்லை.

"இது டீச்சருக்கு நீ அனுப்புனது. காலையில போய் அவுககிட்ட வாங்கிட்டு வந்தேன்."

சுப்பு திரையைப் பார்த்தான், சுவரில் இருந்த மெத்தையைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் கை நீட்டி, அவன் மோவாயைப் பிடித்து, அவன் வாய் அசைவது தெரியும்படி தன் பக்கம் திருப்பினாள்.

"ஒனக்கும் கேக்கலைன்னு சொல்லுதே," என்றாள். "கேக்காதத எப்படிலே எடுத்தே?"